கொசுவலைக்குள் நான்கு சக்கரங்கள்

திங்கட்கிழமை காலை அம்மாவுக்கு டிரைவிங் டெஸ்ட். சனிக்கிழமை காலை எங்கள் காருக்குச் சக்கரமே இல்லை. குவார்ட்டர்ஸ் வாசலில், தடித்த மரக்கட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கழற்றியவன் நான்.

அம்மா ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். ரிவர்ஸ் எடுக்கும்போது இஞ்சின் நின்றுவிட்டது. எல்.எல்.ஆர். அந்த வாரத்தோடு முடிகிறது. "இதுல ஆகலைன்னா விட்டுருவேன், என்னால மறுபடி அலைய முடியாது" என்று தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். அப்பாவின் கண்களைச் சர்க்கரை நோய் பிடித்துக்கொண்டதால், இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானோ அடுத்த வாரம் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேரப் போகிறேன். அம்மா தோற்றால் கார் தார்ப்பாய்க்குள் போய்விடும். மூவருக்கும் அது தெரியும்.

அந்த நேரம் பார்த்து எதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்? அம்மாவும் அதையேதான் கேட்டாள்.

"எனக்கு இருக்கிறதே இந்த லீவுதாம்மா. இன்னிக்கு பெயின்ட் அடிக்கிறோம், நாளைக்கு மாட்டுறோம்."

"நாளன்னிக்கு நான் மாட்டுறேன்."

அவை அலுமினியச் சக்கரங்கள். மேல்பூச்சு எப்போதோ உரிந்து, வெறும் உலோகத்தின் மேல் உப்புப் பூத்தது போல வெள்ளை படர்ந்திருந்தது. எங்கள் ஊரில் எதையும் வெறுமனே வெளியே விட முடியாது. அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று வந்தால் சாம்பல் வரும், விடியற்காலைப் பனி அதை அப்பிவிட்டுப் போகும். அந்தச் சக்கரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும். வீடியோ பார்த்துப் பார்த்து மனசுக்குள்ளேயே நூறு தடவை தேய்த்து முடித்திருந்தேன்.

நிஜத்தில் தேய்த்தபோது தோள்பட்டை கழன்றது. முதலில் சொரசொரப்பான எமரித்தாள், பிறகு நைஸான தாள், பிறகு சோப்புத் தண்ணீர், கடைசியில் தின்னர் நனைத்த துணி. அதற்குப் பின்தான் பதற்றமே. இரும்பு என்றால் நிதானமாக அடிக்கலாம். அலுமினியம் காத்திருக்காது, தேய்த்து முடித்த நிமிடத்திலிருந்தே காற்றுப்பட்டு மேலே தோல் கட்ட ஆரம்பித்துவிடும். அதற்குள் அலுமினியத்துக்கென்றே இருக்கும் பிரைமரை அடித்தாக வேண்டும். விரல்கூடப் படக் கூடாது, விரலில் இருக்கும் எண்ணெய் போதும் பெயின்ட் உரிய.

இந்தச் சமயத்தில் அம்மா துணிக்கொடியைப் பார்த்தாள். வேட்டி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதை வைத்தே எங்கள் பிளாக்கில் எல்லோரும் துணியை உள்ளே எடுப்பார்கள்.

"காத்து திரும்புதுடா."

ஈரப் பெயின்ட்டில் சாம்பல் விழுந்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்துவிடும். நான்கு சக்கரங்களையும் வராந்தாவுக்கு உருட்டினோம். தரையில் நனைத்த சாக்கு, மேலே இரட்டைக் கட்டில் கொசுவலை, அதன் மேல் பழைய பெட்ஷீட். உள்ளே முகமூடியுடன் நான். பால் ஊற்றப் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வரும் அக்கா கேட்டருகிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா தம்பி, டயருக்குக் கொசுவலை கட்டிகினு கீற? கொசு கடிச்சா பஞ்சராயிடுமா?"

"அக்கா, கேட்டை மெதுவா சாத்துங்க, தூசி கிளம்பும்!"

"எங்க வூட்ல மனுசனுக்கே ஓட்ட வலைதாம்பா" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து நேராக வலைக்குள் தலையை விட்டார். நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் காலமெல்லாம் இருப்பவர். கண் மங்கியதிலிருந்து எதையும் விரலால் தடவித்தான் பார்ப்பார்.

"அப்பா, கை வைக்காதீங்க!"

கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகக் காட்டினார்.

"இங்க விட்டிருக்க பாரு. பின்பக்கமும் அடி. நட்டு உட்கார்ற குழிக்குள்ளயும் அடி. மைன்ஸ்ல நகக்கண்ணு அளவு விட்டாலும் அங்கதான்டா அரிக்க ஆரம்பிக்கும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாம்பல் தின்னும் ஊரில் பிறந்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்? பிரைமர், அதன் மேல் கருஞ்சாம்பல் நிறம், அதன் மேல் கிளியர் கோட். முன்பக்கம், பின்பக்கம், குழிகள், எல்லாவற்றிலும் தாராளமாக அடித்தேன். ஓர் இடமும் விடவில்லை.

ஞாயிறு மத்தியானம் மாட்டியபோது கார் வேறு காராகத் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் அம்மா பிளாக் பிளாக்காகச் சுற்றினாள். ரிவர்ஸ் எடுத்து எடுத்துக் கிளட்ச் வாடை வந்தது. இஞ்சின் ஒருமுறைகூட நிற்கவில்லை.

திங்கட்கிழமை அப்பா முதல் ஷிப்ட். அம்மா ஓட்ட, நான் பக்கத்தில். நகரியத்தைத் தாண்டி வடலூர் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு சத்தம். டொக். டொக். டொக்.

"என்னடா அது?"

"டயர்ல கல்லும்மா. போங்க, லேட்டாகுது."

வேகம் கூடக் கூட டொக் டொக் இடைவெளியும் குறைந்தது. எதிரே லாரி. அம்மா ஸ்டியரிங்கைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்தாள்.

"கல்லுன்னா கை ஏன் நடுங்குது?"

"அது பயம்மா. டெஸ்ட்டு பயம்."

"என் பயம் எனக்குத் தெரியாதாடா?" இண்டிகேட்டர் போட்டு, லாரியைப் போகவிட்டு, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள். "லேட்டானா ஆகட்டும். இறங்கிப் பாரு."

முன் இடது சக்கரத்தின் நட்டைத் தொட்டேன். ஸ்பேனர் வேண்டியிருக்கவில்லை. விரலாலேயே சுழன்றது. அடுத்ததும். இன்னும் இரண்டு கிலோமீட்டர் போயிருந்தால் அந்தச் சக்கரம் எங்களுக்கு முன்னால் ஓடியிருக்கும்.

நட்டைக் கழற்றி உள்ளே பார்த்ததும் புரிந்துவிட்டது. குழிக்குள் நான் அடித்த பெயின்ட் மெத்தையாக நசுங்கி வழிந்திருந்தது. நட்டு இறுகியது உலோகத்தின் மேல் அல்ல, பெயின்ட்டின் மேல். ஓட ஓட அந்த மெத்தை நசுங்கியிருக்கிறது, பிடியும் விட்டிருக்கிறது. நான்கு சக்கரங்களிலும் இதே கதைதான். மறுபடி இறுக்கினாலும் மறுபடி நசுங்கும்.

"சுரண்டணும்மா. எல்லாத்தையும். குழி, பின்பக்கம் வண்டியில ஒட்டுற இடம், எல்லாத்தையும் வெறும் அலுமினியமாக்கணும்."

"டெஸ்ட்டு?"

நான் டிக்கியைத் திறந்தேன். மீந்த எமரித்தாளும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கிடந்தன. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு தாளைக் கிழித்துப் பாதியை வாங்கிக்கொண்டாள். நான் ஜாக்கி போட்டுக் கழற்ற, அவள் ரோட்டோரம் குத்துக்காலிட்டுச் சுரண்டினாள். ஆசை ஆசையாக அடித்த பெயின்ட் கருப்புத் துகளாகப் புடவையில் கொட்டியது. நான் போனில் மணியைப் பார்த்தபோது, "போனை உள்ள வை" என்றாள்.

நாங்கள் டெஸ்ட் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசி ஆள் ஓட்டிக்கொண்டிருந்தார். டெஸ்ட் நடத்தும் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏற ஒரு காலைத் தூக்கியிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம் சார்!"

அவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, டெஸ்ட்டுக்கு வந்தீங்களா, வொர்க்‌ஷாப்ல இருந்து வந்தீங்களா?"

"வழியில வீல் நட்டு லூஸாயிடுச்சு சார். சரி பண்ணிட்டு வந்தோம்."

"சத்தம் கேட்டு நிறுத்தினீங்களா?"

"கையில தெரிஞ்சுது சார்."

அவர் தூக்கிய காலை இறக்கினார். "சரி, எடுங்க பார்ப்போம்."

நான் வேலியோரம் நின்றேன். கருப்புக் கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்து நேராகப் போனாள், திரும்பினாள், ரிவர்ஸ் விழுந்தது. நான் இஞ்சின் சத்தத்தைக் கேட்கவே இல்லை. டொக் சத்தம் வருகிறதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. கார் பின்னால் நகர்ந்து, எல்லைக்கு நட்டிருந்த குச்சிகளுக்கு நடுவே நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் பேப்பரில் ஏதோ எழுதினார்.

"பாஸ். கையைக் கழுவிட்டு போட்டோவுக்கு வாங்கம்மா."

நான் துள்ளினேன். அம்மா துள்ளவில்லை.

திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள். அப்பாவுக்குப் போன் போடலாமா என்றேன், ரோட்டைப் பார்த்தபடியே சரியென்று தலையாட்டினாள். ரிங் போய்க்கொண்டிருக்கும்போதே, அதே புளியமரத்தடியில் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கினாள். சத்தம் எதுவும் இல்லை. கை நடுக்கமும் இல்லையாம்.

"அப்புறம் ஏம்மா நிறுத்தினீங்க?"

"இறங்கு. ஸ்பேனரை எடு. நாலு சக்கரத்து நட்டையும் பார்த்துரு."