மூலை வெட்டிய கண்ணாடி

என் மருமகனுக்கு வேலை அம்பு போடுவது. வில் கிடையாது, பென்சில்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் இருபது வருஷமாக மைக்ரோஸ்கோப்புக்குள் கண்ணை நுழைத்து, ரத்தக்குழாயின் உள்சுவரில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது என்று அம்பு போடுகிறார். பெண் கேட்டு வந்தபோது "விஞ்ஞானத்துல இருக்கார்" என்றார்கள். அம்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது, விஷயம் தெரியும். நல்ல குழாயில் செல்லெல்லாம் ரத்தம் வருகிற பக்கம் பார்த்து வரிசையாக நிற்கும். குழாய் வளைகிற இடத்தில் ரத்தம் சுழலும், செல் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். கொழுப்பு அங்கேதான் போய் உட்காரும். குழாயை அறுத்துக் கண்ணாடியில் ஒட்டியபின் ரத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாதல்லவா? அதற்காக, ரத்தம் வந்த பக்கத்துக் கண்ணாடி மூலையை மாப்பிள்ளை வெட்டிவிடுவார்.

போன மாதம் அவருடைய பெரிய டாக்டர் சந்தோஷத்தில் குதித்தார். நோயாளிகளின் குழாயில், வளைவில்லாத இடத்தில், செல்லெல்லாம் ஒன்றுபோல ரத்தத்துக்கு முதுகைக் காட்டி நிற்கின்றனவாம்! மாநாட்டில் அறிவிக்கப் புதுக் கோட்டும் தைத்தாயிற்று.

மாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அத்தை, அந்த நோயாளிங்க கண்ணாடி இருந்த ஒரு பெட்டிக்கு மட்டும் மூலையை மறுபக்கம் வெட்டிட்டேன். செல்லு திரும்பல. நான்தான் திருப்பிட்டேன்."

"போய்ச் சொல்லிடுங்க."

"வேலை போயிடும் அத்தை."

"சும்மா இரும்மா!" என்றாள் மகள்.

"நீ பேசாதடி. அந்தாளு செல்லைத் திருப்ப மருந்து காய்ச்சி யார் நெஞ்சுல ஊத்துவானோ! கெட்டுப்போன குழாய்ல அவ்வளவு ஒழுங்கு ஏதுன்னு ஒருத்தருக்கும் உறைக்கலையா? எல்லாம் படிச்சவங்க!"

மறுநாள் மாப்பிள்ளை போய்ச் சொன்னார். பெரிய டாக்டர் முகம் வெளுத்து, "என்னப்பா, டிக்கெட் போட்டாச்சே!" என்றாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க அத்தைக்குத் தெரியும் சார்."

"அவங்க எந்த யுனிவர்சிட்டி?"

"வீட்டுலதான் இருக்காங்க. ஆனா விட மாட்டாங்க."

பெரிய டாக்டர் மாநாட்டுக்குப் போனார். ஆராய்ச்சிக்கூடத்தில் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அதே கோட்டில் ஒரு மணி நேரம் பேசினார். எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

மாப்பிள்ளைக்கு வேலை போகவில்லை. நாலாயிரம் அம்பையும் அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். இப்போது வீட்டில் தண்ணீர் ஜக்கை வைத்தால்கூட மூக்கு எந்தப் பக்கம் என்று இரண்டு தரம் பார்த்துத்தான் வைக்கிறார். நாங்கள் தாகத்தோடு காத்திருக்கிறோம்.