புளி போட்டு விளக்கிய பேட்ஜ்

மதுரை கோரிப்பாளையத்தில் நாலு நாற்காலி வாடகைக்கு வேண்டும் என்றால் கருத்தக்கண்ணனைத்தான் கேட்க வேண்டும். கல்யாணமா, காதுகுத்தா, கட்சிக் கூட்டமா, டாக்டர்கள் மாநாடா, எதுவாகவும் இருக்கட்டும். சாமியானா, சேர், ஜமுக்காளம், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் அவர் கடையிலிருந்துதான் போகும். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் வைகைக்கு வடக்கே நடந்த விசேஷங்களில் அவர் சேரில் உட்காராத ஆள் யாராவது இருந்தால், அந்த ஆள் பந்தி பரிமாறிக்கொண்டு நின்றிருப்பார்.

பிறந்தது உசிலம்பட்டிக்கு மேற்கே, மழை பெய்தால்தான் சோறு என்கிற ஊரில். அப்பா பால்பாண்டி அடுத்தவர் காட்டில் களை வெட்டிக் கூலி வாங்கியவர். கூலி வாங்கப் போனால் வாசலில் நிற்க வேண்டும். உட்கார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இவரும் உட்கார மாட்டார். மகன் கருத்தக்கண்ணன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினார். வாடகைச் சாமான் கடை ஒன்றில் தலையில் எட்டு சேர், கையில் இரண்டு சேர் என்று தூக்கினார். தூக்கித் தூக்கியே சொந்தமாகச் சேர் வாங்கினார். இன்றைக்கு அவர் கிட்டங்கியில் அடுக்கியிருக்கும் சேர்களைப் பார்க்க நின்றால் கழுத்து வலிக்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. விசேஷம் முடிந்து ஜமுக்காளத்தை உதறினால் அதிலிருந்து பேட்ஜ் விழும். மாநாட்டுப் பேட்ஜ், சங்கத்துப் பேட்ஜ், விளையாட்டுப் போட்டிப் பேட்ஜ். சட்டையில் குத்திக்கொண்டு வந்தவர்கள் கழற்றி எறிந்தது, கழன்று விழுந்தது. வேலையாட்கள் கூட்டித் தள்ளப் போனால் கருத்தக்கண்ணன் கத்துவார். பொறுக்கி எடுத்து, மேடைத் திரையில் மிச்சமான சிவப்பு வெல்வெட் துணியில் வரிசையாகக் குத்திக் கடையில் தொங்கவிட்டிருந்தார்.

அந்தத் துணியைப் பார்த்தவள்தான் ராதாமணி. எதிர்ச் சந்தில் இன்டர்நெட் சென்டர் வைத்திருந்தவள். முனிச்சாலைப் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். பட்டணத்துப் படிப்பு, பட்டாசு வாய். வீட்டு விசேஷத்துக்குச் சேர் கேட்க வந்தவள் துணி முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, இத மாத்திக்கிறதுக்குன்னே உலகம் பூரா ஆள் இருக்கு, தெரியுமா? நெட்டுல ஒரு குழு வச்சிருக்காங்க. ஒங்ககிட்ட இருக்கறத அவங்களுக்குக் குடுத்து, அவங்ககிட்ட இருக்கறத நீங்க வாங்கிக்கலாம். காசே கெடையாது."

"என்னைய விட கிறுக்கன் இருக்கானா?"

"வந்து பாருங்கண்ணே. நீங்கல்லாம் சாதாரணம்."

போனார். ராதாமணி ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். திடீரென்று கருத்தக்கண்ணன் எழுந்து நின்றார்.

"ஏம்மா, நிப்பாட்டு, நிப்பாட்டு! ஓடவிட்றாத!"

"அது எங்கண்ணே ஓடப்போகுது, படந்தான்."

பித்தளையில் செய்த குட்டி நாற்காலி. கைவைத்த நாற்காலி, கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கும். ஏதோ ஒரு தேசத்தில் நாற்காலி செய்யும் தச்சர்கள் சங்கம் வைத்தபோது சட்டையில் குத்திக்கொண்டதாம். வைத்திருந்தது ஸ்காட்லாந்தில் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மொய்ரா என்கிற அம்மா. கருத்தக்கண்ணன் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சேரால் ஆளான மனிதருக்குச் சட்டையில் குத்த வேறு எது பொருந்தும்? அது தனக்கென்றே செய்தது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார்.

மொய்ராம்மா சேர்ப்பது தறி, நூல் சம்பந்தமான பேட்ஜ்கள். கருத்தக்கண்ணனிடம் அப்படி ஒன்று இருந்தது. எப்போதோ நடந்த நெசவாளர் மாநாட்டுப் பேட்ஜ், செம்பு, நடுவில் நீல எனாமல், அதற்குள் தறியில் நூலை இழுத்து ஓடும் நாடா. காலம் ஏறி ஏறிச் செம்பு புளியங்கொட்டை நிறத்துக்குக் கறுத்திருந்தது. ராதாமணி அதை ஸ்கேன் செய்து அனுப்ப, மொய்ராம்மாவுக்குப் பிடித்துப்போனது.

கருத்தக்கண்ணன் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "நம்மது கனமாருக்கு. அவங்களோடது குட்டியூண்டு. ஒண்ணுக்கு ரெண்டு கேளு."

"அண்ணே, இது எடை போட்டு வாங்குற பழைய இரும்புக் கடையா? எம்புட்டுப் பழசு, எத்தனை பேருகிட்ட இருக்கு, எனாமல் தெறிச்சிருக்கா, பின்னூசி சரியா இருக்கா, இதத்தான் பாப்பாங்க. வேணும்னா குழுவுலயே கேப்போம்."

கேட்டாள். இரண்டும் ஏறக்குறையச் சமம், ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம் என்று அங்கே உள்ள பெரிய தலைகள் சொன்னார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். புதிதாக வந்தவர்தான் முதலில் அனுப்ப வேண்டும். அது கைக்குச் சேர்ந்த பிறகுதான் பழைய ஆள் அனுப்புவார். அதுதான் அங்கே முறை.

கருத்தக்கண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் புதுசா? மதுரையில அட்வான்ஸ் வாங்காம ஆயிரம் சேர் அனுப்புறவன் நான். என்னைய நம்பி முகூர்த்தமே வைக்கிறாக. இந்த அம்மா என்னைய நம்ப மாட்டாகளாக்கும்?"

"அவங்களுக்கு மதுரையும் தெரியாது, ஒங்க சேரும் தெரியாது. அங்க ஒங்க பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லண்ணே, வெறுசா இருக்கு. ஒருத்தர் கூட மாத்திக்கிட்டா, அவரு ஒங்களப் பத்தி நாலு வார்த்தை எழுதுவாரு. அப்புறம் அடுத்தவரு நம்புவாரு."

மனிதர் மீசையைத் தடவினார். தன்னிடம் முதல் தடவை வரும் ஆளிடம் அவரும் முன்பணம் வாங்கத்தான் செய்தார். "சரி விடு. அனுப்புறேன். எப்பிடி அனுப்புறேன்னு மட்டும் பாரு."

கருத்தக்கண்ணன் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புளி போட்டு விளக்காத ஒரு குத்துவிளக்கு, ஒரு செம்பு, ஒரு தாம்பாளம் அவர் கடை வாசலைத் தாண்டாது. அழுக்காக ஒரு சாமான் அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் போன வீட்டுக்கும் அவமானம், அனுப்பிய கடைக்கும் அவமானம். கடல் தாண்டிப் போகும் சாமான் கறுப்பாகப் போகலாமா? வீட்டில் ஒரு எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்தார். உப்பு சேர்த்தார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கு விடாமல் தேய்த்தார். செம்பு சிவந்தது, மின்னியது, அன்றைக்குத்தான் அச்சிலிருந்து வந்ததுபோல் ஆனது. அவரே அதில் முகம் பார்த்தார். பஞ்சில் பொதிந்து, தல்லாகுளம் தபாலாபீசில் கொடுத்து ரிஜிஸ்தர் செய்துவிட்டு வந்தார்.

மறுவாரம் மொய்ராம்மாவிடமிருந்து மெயில் வந்தது. ராதாமணி படித்துச் சொன்னாள்: "முதல்ல அனுப்புனதுக்கு நன்றின்னு போட்டுருக்காங்க. தபாலு இன்னும் கைக்கு வரலையாம். அந்தக் கறுத்த செம்பு நெறந்தான் அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்காம். இப்ப செல பேரு பழசோட படத்தக் காட்டிட்டு, புதுசா அச்சடிச்ச நகல அனுப்பி ஏமாத்துறாங்களாம். அதுனால எது வந்தாலும் படத்தோட வச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்துக்கிறாங்களாம்."

"நல்லாப் பாக்கச் சொல்லு. கண்ணாடி மாதிரி தேச்சு அனுப்பிருக்கேன்னு எழுது."

ராதாமணியின் விரல் நின்றது. "என்னத்தத் தேச்சீங்க?"

"பேட்ஜத்தான். புளி போட்டு. அது ஒரு சென்மத்து அழுக்கு."

"அய்யய்யோ அண்ணே! அந்த அழுக்குலதான் அதோட வயசே இருக்கு! பழசத் தேய்க்கவே கூடாதுன்னு குழுவுல மொதப் பக்கத்துலயே போட்டுருக்கு. படத்துல கறுப்பா இருக்கு, கையில செவப்பா போயி நிக்கும். என்ன நெனப்பாங்க? நகல அனுப்பிட்டீங்கன்னுதான நெனப்பாங்க?"

கருத்தக்கண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நெனச்சா என்ன செய்வாக?"

"ஏமாத்துறவங்களுக்குன்னு தனியா ஒரு பக்கம் இருக்கு. அதுல பேரப் போட்டுருவாங்க."

"ஊரு பேரையுமா?"

"ஊரையுந்தான்."

நாற்காலி போனால் போகட்டும் என்றுகூட இருந்துவிடுவார். மதுரை கருத்தக்கண்ணன் ஏமாற்றுக்காரன் என்று உலகம் பூராவும் பார்க்கிற இடத்தில் எழுதி வைத்துவிட்டால்? ஊரில் யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் வீட்டு வாசலுக்கே போய்ச் சண்டை போடலாம். அங்கே போய் எந்த வாசலில் நிற்பது?

ராதாமணி குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு செய்யலாம்ணே. நாம வாயத் தெறக்க வேணாம். கேட்டாங்கன்னா, ஸ்கேன்ல கறுப்பா விழுந்துருச்சு, நெசத்துல அது செவப்புத்தான்னு சொல்லிருவோம்."

ஒரு நொடி அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினார். "வேணாம்மா. எங்கிட்ட ஒரு சேரோட காலு விண்டிருந்தா, அத எடுத்து வச்சுருவேன். எடுக்காம அனுப்புனா யாராச்சும் ஒரு பெரிய மனுசன் உக்காந்து மல்லாக்க விழுவான். விழுந்தப்புறம் நான் என்ன சொன்னாலும் எவன் கேப்பான்? தபாலு போய்ச் சேரும்முன்ன நம்ம மெயில் போகணும். எழுது. மதுரை மாநகர் கோரிப்பாளையம் கருத்தக்கண்ணன் ஆகிய நான்..."

"பத்திரம் எழுதுறீங்களா?"

"சரி, நீயே எழுது. தேச்சது நான்தான். எங்க ஊருல அடுத்தவங்க வீட்டுக்குப் போற சாமானத் தேச்சுத்தான் அனுப்புவோம். தப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சது. படத்துல உள்ளதும் இதுவும் ஒண்ணுதான். வேணாம்னா திருப்பி அனுப்பட்டும், தபால் செலவு என்னோடது. நாற்காலிய அனுப்ப வேணாம்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராதாமணி அதைக் கவனிக்காதவள்போல் தட்டி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு பதிலே இல்லை. கருத்தக்கண்ணன் தினமும் சென்டர் வாசலில் வந்து நிற்பார். இவர் தலையைக் கண்டதுமே ராதாமணி உள்ளிருந்து கையை விரிப்பாள். இன்னொரு மெயில் போட்டு என்ன ஆச்சு என்று கேட்கலாமா என்றார். "தொண தொணன்னு கேக்கக் கூடாதுண்ணே, அதுவும் அங்க முறை இல்ல" என்று விரட்டிவிட்டாள். வீட்டில் முருகம்மாள் வைத்த குழம்பை ருசி பார்க்காமலே விழுங்கினார்.

"நாக்குல ஒறைக்குதா இல்லையா?" என்றாள் முருகம்மாள். "ஒரு பொட்டுச் செம்புக்காக மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக. வருசத்துக்கு வச்ச புளியில பாதிய அதுக்குக் கரைச்சதுக்கு நாந்தான் அழுகணும்."

"ஒனக்கு இதெல்லாம் புரியாது."

"அந்த அம்மாவுக்குப் புரியும். பாத்திரம் விளக்குன பொம்பளையாத்தான இருப்பா."

ஒரு காலை, அலங்காநல்லூர்க் கல்யாணத்துக்கு வண்டியில் சேர் ஏற்றிக்கொண்டிருந்தபோது கடைப் போன் அடித்தது. "அண்ணே, வந்துருச்சு. வாங்க" என்றாள் ராதாமணி. நல்லதா கெட்டதா என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள். கருத்தக்கண்ணன் செருப்பைக்கூடப் போடாமல் ரோட்டைக் கடந்தார். டவுன் பஸ்காரன் ஒருவன் பிரேக்கை அழுத்தி வைதான்.

ராதாமணி வரி வரியாகச் சொன்னாள். பேட்ஜ் வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் மொய்ராம்மாவுக்குக் கோபம்தான் வந்ததாம். நல்லவேளை, கருத்தக்கண்ணனின் மெயிலை முன்னாலேயே படித்திருந்தார். பூதக்கண்ணாடியை எடுத்து, படத்தையும் பேட்ஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீல எனாமலில், நாடாவின் முனையை ஒட்டி, எள்ளளவுக்கு ஒரு தெறிப்பு. படத்திலும் அதே இடம், அதே அளவு. நகலில் அப்படி வராது. இது அதே பேட்ஜ்தான்.

கருத்தக்கண்ணனின் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. "முருகா!" என்று அவர் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த ஆள் எதையோ தப்பாக அழுத்திவிட்டான்.

"இருங்கண்ணே, இன்னும் இருக்கு. தேச்சதுனால மதிப்பு கொறஞ்சுருச்சாம். பழையபடி கறுக்கப் பல வருசம் ஆகுமாம். அதுனால அத ஈடு கட்ட, சின்னதா இன்னொரு பேட்ஜ் அனுப்பச் சொல்றாங்க. எதுன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணச் சொல்றாங்க. அனுப்புறேன்னு சொன்னாப் போதும், நாற்காலிய இன்னைக்கே தபால்ல போட்டுருவாங்களாம். இந்தத் தடவை ஒங்களோடது வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்களாம்."

"காத்திருக்க மாட்டாகளா?"

"மாட்டாங்களாம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபேன் காற்று தூசியைக் கிளப்புகிறது என்றார். "ஒண்ணு என்னம்மா ஒண்ணு? பத்து அனுப்புறேன்! துணியோட சுருட்டி அனுப்புறேன்!"

"ஒண்ணு கேட்டா ஒண்ணுதான் அனுப்பணும். அள்ளிப் போட்டா, பதிலுக்கு என்ன செய்யறதுன்னு அவங்க சங்கடப்படுவாங்க. யாவாரத்துல அதுவும் தப்புண்ணே."

வெல்வெட் துணி முன்னால் வெகுநேரம் நின்று, பருத்திக் காய் போட்ட விவசாயக் கண்காட்சிப் பேட்ஜ் ஒன்றைக் கழற்றினார். அதில் ஒட்டியிருந்த தூசியைக்கூட ஊதவில்லை. பின்னூசி லேசாக வளைந்திருப்பதை எழுதச் சொன்னார். ஓரத்தில் ஒரு கீறல் இருப்பதையும் எழுதச் சொன்னார். "போதும்ணே, பேட்ஜ விட அதோட கொறை பெருசாப் போயிரும்" என்றாள் ராதாமணி.

நாற்காலி வந்தது. அன்றே சட்டைப் பைக்கு மேலே குத்திக்கொண்டார். குழுவில் அவர் பெயருக்கு நேரே வெறுமையாகக் கிடந்த இடத்தில் மொய்ராம்மா எழுதியிருந்ததை ராதாமணி தமிழில் சொல்லச் சொல்ல, மூன்று தடவை கேட்டு மனப்பாடம் செய்தார்: "இந்தியாவில் மதுரைக்காரர். நான் கேட்பதற்கு முன்பே குறையைச் சொன்னார். நம்பி மாற்றிக்கொள்ளலாம்."

அதற்கடுத்த முகூர்த்தத்தில், மண்டபத்தில் சேர் வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றவரிடம் பெண் வீட்டுக்காரர் ஒருவர், "என்னண்ணே சட்டையில, கட்சி எதுவும் மாறிட்டீகளா?" என்றார்.

"உக்காருங்க மாப்ள, சொல்றேன்" என்று ஒரு சேரை இழுத்துப் போட்டுவிட்டு, தானும் எதிரே ஒரு சேரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார் கருத்தக்கண்ணன். நாதஸ்வரத்துக்கு மேலே குரலை உயர்த்தி ஆரம்பித்தார். "ஒரு எலுமிச்சம்பழம் அளவு புளிய எடுத்துக் கரைச்சேன் பாருங்க..."