ஸ்டோரில் வளர்ந்த முளைப்பாரி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி மலைக்குப் போன புதிதில், அது இன்னும் இரண்டு முழம் கூடவே இருந்தது. அதனால்தான் அந்த வருடப் பங்குனியில், குழாயடியில் குடத்தோடு நின்ற எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், "எங்க ராசிங்காபுரத்துல நான் போட்ட முளைப்பாரி முழங்கை ஒசரத்துக்கு வரும்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது பொய்யில்லை. ஆனால் ராசிங்காபுரத்து வெயிலில் கல்லைப் புதைத்தாலும் முளைத்துவிடும். எங்கள் எஸ்டேட் போடிமெட்டைத் தாண்டி அஞ்சாறு மைல் உள்ளே, ஏலக்காட்டுக்கு நடுவே இருந்தது. அங்கே பங்குனியிலும் விடிகாலையில் பல் கிட்டிக்கும். அந்தக் குளிரில் பயறு போட்டால் அது முளைப்பதா வேண்டாமா என்று நாலு நாள் யோசிக்கும். லயத்துப் பெண்கள் வருடாவருடம் சாண் உயரம்கூட வராத சட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு போடி மாரியம்மன் கோயிலுக்கு இறங்குவார்கள். கீழே இருக்கிற பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பார்கள்.

சிரிப்பு எனக்குப் பெரிதில்லை. பெரிது வேறொன்று. புதுப்பெண் போடும் முதல் சட்டி எப்படி வருகிறதோ அப்படித்தான் அவள் அந்த வீட்டில் வேர் பிடிப்பாள் என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. என் மாமியார் என்னைப் பெண் பார்க்க வந்தபோதே, "கீழ்நாட்டுப் புள்ள மலையில தங்காது, மூணு மாசத்துல மூட்டையக் கட்டிரும்" என்று எல்லோரும் தடுத்திருக்கிறார்கள். அவர் கேட்கவில்லை. நான் என்ன செய்தேன்? வந்த இரண்டாம் மாதமே அட்டைக்கடி தாங்காமல், துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பு நிற்கிற இடம்வரை போய்விட்டுத் திரும்பினேன். அதை நாலு பேர் பார்த்தும் விட்டார்கள். ஆக, என் சட்டி படுத்துவிட்டால் மாமியார் சொன்னது தப்பு, ஊர் சொன்னது சரி என்றாகிவிடும். மாமியார் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சட்டிகளில் எரு நிரப்பும்போது என் சட்டிக்கு மட்டும் ஒரு பிடி கூடப் போட்டார், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்! தடித்த சுவர், ஜன்னல் கிடையாது, உள்ளே கும்மிருட்டு. வெளிப்பக்கம் அடுப்பு வாயில் விறகு வைத்து எரித்தால், அறைக்குள் ஓடுகிற தகரக் குழாய் சூடாகி, மேலே தட்டுத்தட்டாக அடுக்கிய கம்பிவலையில் காய் காயும். எரிக்காவிட்டாலும் உள்ளே குளிர் அண்டாது. முளைப்பாரி வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காய் எடுப்பும் முடிந்து ஸ்டோர் சும்மாதான் கிடந்தது.

ஒரே ஒரு சிக்கல். அந்த ஸ்டோரைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர். முளைப்பாரி வைத்த இடத்தில் ஆண்வாடை படக்கூடாது. மாமியார் மகனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப நான் எங்கிட்டுப் போறது?" என்றார் அவர்.

"ஒம்பது நாளைக்கு ஆத்தாளுக்கு விட்டுக்குடு. அவ ஒன்னும் ஒன் ஸ்டோரத் தூக்கிட்டுப் போயிர மாட்டா."

காப்புக் கட்டிய அன்றைக்குப் பதினோரு சட்டிகளை உள்ளே கொண்டுபோய் வைத்தோம். என் வீட்டுக்காரர் சாவியை வாசல்படியில் வைத்துவிட்டு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி தள்ளி நின்றார். அன்றிலிருந்து அவர் வேலையற்றவர். பகலில் நாலு தரம் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

சாயங்காலமானால் பெண்கள் எல்லோரும் ஸ்டோருக்குள் கூடித் தண்ணீர் தெளித்துக் கும்மி அடிப்போம். மூச்சு வாங்கினால் உட்கார்ந்து ஆத்தா கதை. கதை சொல்வது மாமியார்தான். ஒரு முனிவரின் பெண்டாட்டி தினமும் ஆற்றங்கரைக்குப் போய், ஈர மணலைக் கையாலேயே பானையாகப் பிடித்து, அதில் தண்ணீர் மொண்டு வருவாள். சூளை கிடையாது, சக்கரம் கிடையாது, அவளுடைய மனசுதான் பானையைப் பிடித்து நிறுத்தும். ஒருநாள் வானத்தில் ஒரு கந்தர்வன் போகிறான். தண்ணீரில் நிழல் விழுகிறது. இவள் பார்த்துவிடுகிறாள். பானை பொலபொலவென்று உதிர்ந்துபோகிறது. வெறுங்கையோடு வந்து நின்றவளைப் பார்த்து முனிவர், பெற்ற மகனையே கூப்பிட்டுத் தலையை வெட்டச் சொல்கிறார். வெட்டிய தலை அப்புறம் இன்னொருத்தி உடம்பில் ஒட்டி, அவளே மாரியாத்தாளாக எழுந்து நிற்கிறாள்.

"ஒரு தடவ பார்த்ததுக்கா தலைய வெட்டுனாரு?" என்று கேட்டேன்.

"நிழலத்தான்டி பார்த்தா. ஆளக்கூடப் பார்க்கல" என்றார் மாமியார், தன் சொந்தத் தங்கைக்கு நடந்த அநியாயம் மாதிரி.

அதற்குமேல் கதை நகராது. கந்தர்வன் எப்படி இருந்திருப்பான் என்று பெண்கள் ஆரம்பித்துவிடுவார்கள். ஒருத்திக்கு அவன் சிவப்பு, இன்னொருத்திக்கு மாநிறம், மீசை உண்டா இல்லையா என்பதில் இரண்டு கட்சி. சிரிப்புச் சத்தம் கேட்டு வெளியே என் வீட்டுக்காரர் செருமுவார். நாங்கள் சட்டென்று பக்தியாகிவிடுவோம்.

ஏழாம் நாள் துணியை விலக்கிப் பார்த்தோம். எல்லாச் சட்டியிலும் ஒரு சாணுக்கு மேலே வெளிறிய மஞ்சளில் நெருக்கமாக நின்றது. லயத்தில் அதுவரை யாரும் பார்த்திராத உயரம். நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

எட்டாம் நாள் மத்தியானம் ஆத்தா என் நடையைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. மேல்காட்டில் விட்டுப்போன காயைக் கடைசியாக எடுத்து, ஏழு மூட்டைப் பச்சைக் காயை ஸ்டோர் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பச்சைக் காயை மறுநாள்வரை போட்டுவைத்தால் நிறம் போய்விடும். நிறம் போன காய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர் என் வீட்டுக்காரர். அவர் ஸ்டோருக்குள் காலெடுத்து வைத்தால் முளைப்பாரி போச்சு. வைக்காவிட்டால் காய் போச்சு. தலையில் கை வைத்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரி" என்றார் மாமியார். "அடுப்பு வெளியதான இருக்கு? நீ வெளிய நின்னு எரி. உள்ள இருக்குற சோலிய நாங்க பார்க்குறோம்."

"ஒங்களுக்குப் பதம் தெரியாது ஆத்தா."

"நீ சொல்லு. காதிருக்குல்ல எங்களுக்கு."

சட்டிகளையெல்லாம் குழாயைவிட்டுத் தள்ளி, வாசல் பக்கச் சுவரோரம் இளஞ்சூடான இடத்துக்கு நகர்த்தினோம். பிறகு தட்டுகளில் காயைப் பரப்பினோம். கல்யாணமாகி அஞ்சு மாதத்தில் நாலு பேர் எதிரில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராத மனுஷன், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்த ஆரம்பித்தார்.

"ஏ புள்ள! காய் வேர்க்குதா?"

"வேர்க்குது! நாங்களும் வேர்க்குறோம்!"

"தட்டத் திருப்பி விடு! வெரசா!"

"திருப்பியாச்சு! இன்னும் திருப்பணுமா?"

"மதி, மதி!" மலையில் போதும் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள்.

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டுப்போகும். எல்லோரும் வெளியேறும்போது கடைசி ஆளாக நின்றேன். இளஞ்சூட்டுக்கே இந்த வளர்த்தி என்றால், இன்னும் கொஞ்சம் சூடு கிடைத்தால் விடிவதற்குள் நாலு விரற்கடை கூடுமே! என் சட்டியை மட்டும் மெதுவாக நகட்டிக் குழாயை ஒட்டி வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

காலையில் தண்ணீர் தெளிக்க நான்தான் முதலில் போனேன். வாசனை ஆளைத் தூக்கியது. தட்டுகளில் காய் பச்சை மாறாமல் காய்ந்திருந்தது. பத்துச் சட்டிகள் ராத்திரிக்குள் இன்னும் ஏறி, முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவாக நின்றன. என் சட்டி வெந்துபோயிருந்தது. வாடவில்லை, கருகவில்லை, வெந்திருந்தது. நாற்று துவண்டு விளிம்பில் தொங்க, அடியில் பயறு சுண்டல் பதத்தில் கிடந்தது.

அழக்கூட நேரமில்லை. ஜீப்பு வந்துவிட்டது. வேப்பங்குலையை நட்டுக்குத்தலாக வைத்து, மேலே மஞ்சள் துணியைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பாதி வழியில் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் கை நழுவிவிட்டதாகச் சொல்லிக் கீழே போட்டுவிடலாம் என்பதுதான் திட்டம். கீழே போட்டால் அது இன்னும் பெரிய அபசகுனமாயிற்றே என்பது ஜீப்பில் ஏறின பிறகுதான் உறைத்தது.

ஓட்டியவர் போடிக்கார பாய். வருடாவருடம் ஆத்தா லோடு அவருடையதுதான். வேறு எந்த ஜீப்பையும் மாமியார் நம்ப மாட்டார். பதினோரு பெண்கள், மடியில் பதினோரு சட்டிகள். வண்டி நகர்ந்ததும் பாய் மூக்கை உறிஞ்சினார்.

"என்னாத்தா, இந்த வருசம் முளைப்பாரி பிரியாணி மாதிரி மணக்குது?"

"ஓட்டு அப்பு, வாய வைக்காம" என்றார் மாமியார்.

போடிமெட்டு செக்போஸ்டில் நிறுத்தினார்கள். அங்கே இருந்தவருக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்தது. ஏலக்காய் மணக்க மணக்க ஒரு ஜீப்பு வருகிறது, உள்ளே எல்லோரும் மடியில் எதையோ மூடி வைத்திருக்கிறார்கள். ஏலக்காய் கடத்துகிறோம் என்றுதானே நினைப்பார்?

"சட்டிக்குள்ள என்ன இருக்கு? தொறங்க."

"ஆத்தாளுக்குப் போற முளைப்பாரிங்க. ஆம்பள தொடக்கூடாது" என்றார் மாமியார்.

"தொடல. நீங்களே தொறந்து காட்டுங்க."

பத்துச் சட்டிகளில் பேருக்கு ஒரு வெள்ளைத்துணி. நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டது என்னுடையது ஒன்றுதான். அவர் விரல் நேராக என்னை நோக்கித்தான் நீண்டது. "அதைத் தொறங்க முதல்ல."

நான் அசையவில்லை. மாமியார் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, தானே கையை நீட்டி முடிச்சை அவிழ்த்தார். வேப்பங்குலை சாய்ந்தது. துவண்ட நாற்று வெளியே வந்து விழுந்தது. எட்டிப் பார்த்த செக்போஸ்டுக்காரர், "என்ன இது, அவிச்ச பயறா?" என்றார்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்ற பேச்சு அத்தனை பேர் நாக்கு நுனியிலும் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த நேரம் அதுதான். நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது.

மாமியார் துணியை மறுபடி மூடினார். இந்த முறை ஒரே சுற்று. "ஆமாய்யா, பயறுதான். போகலாமா?" என்றார். பாய் வண்டியை எடுத்தார். பதினேழு வளைவும் இறங்கி அடிவாரத்து முந்தலுக்கு வந்து சேர்ந்தோம்.

கோயிலில் கூட்டம். எங்கள் சட்டிகளைப் பார்த்துப் போடிப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். மலைக்காரிகளுக்கா இவ்வளவு உயரம் என்று கிட்டே வந்து மோந்தும் பார்த்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். மாமியார் தன் சட்டியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வந்து, என் தலையில் இருந்த சட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். மறுகையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். லயத்துக்காரிகள் பார்க்க, போடிக்காரிகள் பார்க்க, துணியை எடுத்து வீசிவிட்டு, வெந்த சட்டியை மாரியம்மன் எதிரில் முதலாவதாக வைத்தார்.

பிறகு அம்மனிடம் பேசினார். குழாயடியில் இன்னொருத்தியிடம் பேசுகிற அதே குரல்தான்.

"இந்தா பாரு. வருசாவருசம் ஒனக்குப் பச்சையாவே கொண்டாந்து குடுக்குறாக. எம் மருமக அவிச்சுக் கொண்டாந்திருக்கா. கோவிச்சுக்காத. ஒனக்கும் ஒரு நா பானை நிக்கல, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு ஒந் தலைய எடுத்தாக, ஏன்னு கேக்க ஒனக்கு நாதியில்ல. இவளுக்கு நான் இருக்கேன்."

பின்னால் நின்ற லயத்துப் பெண்களில் ஒருத்தி குலவை போட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கீழே இருந்த என் அம்மா வீட்டை நினைத்து மலையில் நான் அழுதிருக்கிறேன். அது வேறு அழுகை. இந்த மனுஷியை விட்டுவிட்டு ஜீப்பு நிற்கிற இடம்வரை போனேனே என்று அன்றைக்கு அழுதேன்.

மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்துடி. மை கரையுது. பார்க்குறவளுக நான் அடிச்சுட்டேன்னு நெனைப்பாளுக."