பூசை போட்ட வண்டியின் பிரேக்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் ரோட்டில் இது நடந்தது. அவிநாசிபாளையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நல்ல வெயில் ஏறிய காலை நேரம்.

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் பனியன் கம்பெனிகளில் பாதிப் பேர் பச்சை வேட்டிக்கு மாறிவிடுவார்கள். பழனிக்கு நடைதான். வீரபாண்டியில் என் மருமகன் நடத்தும் சின்ன நிட்டிங் கம்பெனியிலிருந்தும் ஒரு குழு வருடா வருடம் போகும். அந்த நாட்களில் கம்பெனியின் மினி லாரி துணி ரோல் ஏற்றாது. அரிசி, காய்கறி, அடுப்பு, அண்டா, தண்ணீர் கேன், நடக்கிறவர்களின் பைகள் எல்லாம் அதில்தான் வரும். முழங்கால் தேய்ந்து நடக்க முடியாமல் போனபிறகு நானும் அதில்தான் வருகிறேன், முன் சீட்டில். ஒவ்வொரு இடத்திலும் தலை எண்ணி, ஆள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. நூல் மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. ஊருக்குக் கிளம்பினால் பைகளை எண்ணுவேன், வாசலைத் தாண்டியதும் திரும்பி வந்து கேஸை மூடியாயிற்றா என்று பார்ப்பேன், மறுபடி பைகளை எண்ணுவேன். "அப்பா எண்ண ஆரம்பிச்சுட்டாரு, இன்னிக்கு நாம ஊட்ட விட்டுக் கிளம்பின மாதிரிதான்" என்பாள் என் மகள். என் கவலைகளில் பெரும்பாலானவை வீண் என்று எனக்கே தெரியும். அதனால் நான் ஏதாவது சொன்னால் சிரிப்பதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு.

அந்த வருடம் கம்பெனி டிரைவரும் மாலை போட்டிருந்தார். மனைவிக்கு நடந்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் செருப்பில்லாமல் நடந்து வருவதாக வேண்டுதல். லாரி ஓட்ட வேறு ஒருவரை ஏற்பாடு செய்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒரு சாயப்பட்டறையில் வண்டி ஓட்டுகிறவர், முப்பது வயதுக்கு மேலிருக்கும்.

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை லாரியின் முன் பிரேக்கில் வேலை நடந்தது. ஒரு பக்கம் பிரேக் ஆயில் கசிந்ததால், இரண்டு முன் சக்கரங்களுக்கும் புதுக் காலிப்பர் வாங்கியிருந்தார்கள். சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிற இரும்புக் கவ்வி அது. நான் மெக்கானிக்கின் பட்டறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பழனிக்குப் போகும் வண்டிகள் இன்னும் நாலைந்து வரிசையில் நின்றன. கம்பெனி டிரைவர் புதுக் காலிப்பர்களைத் துணியால் துடைத்து, ஒரு தட்டில் வைத்து, சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். தண்ணீரில் குழைத்த விபூதியை மூன்று விரலால் பட்டையாக இழுத்து, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டினார். மாலை போட்டவர் கையால் பூசை செய்து கொடுத்ததை மெக்கானிக்கும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாங்கி மாட்டினார்.

மறுநாள் விடியும் முன்பே லாரிக்குப் பூசை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, வண்டியை முன்னால் எடுத்தார்கள். பழங்கள் நசுங்கியதும் நிற்க வேண்டிய வண்டி, இன்னும் ஒரு கை நீளம் போய்த்தான் நின்றது. நான் அதைப் பார்த்தேன்.

"ஏனுங் சாமி, வண்டி நிக்க நேரமாகுதே?" என்று டிரைவரிடம் கேட்டேன். மாலை போட்டிருந்ததால் நான் அவரைச் சாமி என்றேன். வயதுக்காக அவர் என்னை எப்போதும் சாமி என்பார்.

"புதுசுங்க சாமி, ஓட ஓட செட் ஆயிரும். நேத்து நாந்தானுங்களே பட்டறையிலிருந்து ஓட்டிட்டு வந்தேன். கொஞ்சம் பஞ்சாட்டம் அமுங்குது, ரெண்டு மிதி மிதிச்சா கப்புனு புடிச்சுக்குது."

"பட்டறையில ஒருக்கா காட்டிட்டுப் போலாமுங்களே."

"பூசை போட்டு எடுத்த வண்டியைப் பொறகால திருப்பச் சொல்றீங்களே சாமி!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குழுவோடு நடக்கக் கிளம்பி நின்ற என் மகள், "அப்பா, எண்ணிக்கிட்டே ஏறி உக்காருங்க" என்றாள். 'முருகா' என்று சத்தம் போட்டுக்கொண்டு குழு நடக்கத் தொடங்கிவிட்டது.

காய்கறியும் பாலும் வந்து சேர்ந்து லாரி கிளம்ப ஒன்பது மணி ஆனது. நடந்தவர்கள் அதற்குள் வெகுதூரம் போயிருந்தார்கள். அவர்களைப் பிடித்துத் தாண்டிப் போய், குண்டடத்துப் பக்கம் மதியச் சமையலை ஆரம்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நான் ரோட்டைப் பார்க்கவில்லை. புது டிரைவரின் வலது காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தாராபுரம் ரோட்டில் ஏறும் இடத்தில் இரண்டு மிதி. ஒரு வேகத்தடையில் மறுபடி இரண்டு. பெருந்தொழுவுப் பிரிவைத் தாண்டி ஒரு பேருந்து குறுக்கே வந்தபோது மூன்று.

"என்னத்தய்யா எண்ணிக்கிட்டே வாரீக?" என்றார் அவர்.

"இது மூணாவது மிதியில புடிக்குது, தம்பி."

"புடிக்குதுல்லா? டிரைவர் அண்ணன் சொல்லித்தான் விட்டுருக்காவ. நம்ம சாயப்பட்டறை வண்டி இதவிட மோசம். நாலு மிதி மிதிக்காம நிக்காது. பழகிட்டா ஒண்ணும் தெரியாதுய்யா."

அவர் சொன்னது உண்மை. நன்றாகத்தான் ஓட்டினார். தேவைக்கு முன்பாகவே காலைக் கொண்டுபோய், ஒன்று, இரண்டு, மூன்று என்று மிதித்து, அழகாக நிறுத்தினார். பக்கத்தில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் குறை எதுவும் தெரிந்திருக்காது. இறங்கிவிடலாமா, கம்பெனிக்குப் போன் செய்யலாமா என்று யோசித்தேன். மறுபடி சிரிப்பார்களே என்று பேசாமல் இருந்தேன். அவிநாசிபாளையத்தில் நான்கு.

அங்கிருந்து கொஞ்ச தூரம் போனதும் ரோடு லேசாக இறங்குகிறது. இறக்கத்தின் முடிவில் இடது பக்கம் யாரோ பந்தல் போட்டு நடக்கிறவர்களுக்கு இட்லியும் சுக்குக் காபியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குள் இடமில்லாமல் கூட்டம் ரோட்டில் வழிந்திருந்தது. எங்கள் குழுதான். பச்சை நிறமும் காவி நிறமுமாக முதுகுகள். எதிரே வரிசையாக வண்டிகள் வந்ததால் வலது பக்கம் ஒதுங்க வழியில்லை.

அவர் மிதித்தார். பெடல் அடிவரை போனது. மறுபடி மிதித்தார். கியரைக் குறைத்தார், வண்டி முக்கியது. மூன்று, நான்கு. வேகம் குறைந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. ஹாரன் அடிக்க அவருக்குக் கை ஒழியவில்லை. ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொண்டிருந்தது. ஐந்து. பின்னால் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடவில்லை. மூடியிருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்திருக்கிறேன். ஆறாவது மிதியில் வண்டி நின்றது.

கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் லாரிக்கும் நடுவே இரண்டடி இடம் இருந்தது. அந்தக் கடைசி ஆள், மாலை போட்டிருந்த எங்கள் கம்பெனி டிரைவர். யாரும் பின்தங்கிவிடக் கூடாது என்று அவர் எப்போதும் கடைசியில்தான் வருவார். வண்டியின் சூடு முதுகில் பட்டதோ என்னவோ, திரும்பிப் பார்த்தார். தூசு படிந்த வெறுங்கால், கையில் பாதி குடித்த காபி. சிரித்துக்கொண்டே பானெட்டில் தட்டினார்.

"என்னுங் சாமி, இவ்வளவு ஒட்டி வந்து நிக்கறீங்க? பசிக்குதுங்களா?"

பக்கத்தில் இருந்த திருநெல்வேலிக்காரர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். நான் வண்டிச் சாவியை எடுத்து மடியில் சொருகிக்கொண்டு இறங்கினேன். கூட்டத்தில் முதலில் என் மகளைத் தேடினேன். பந்தலுக்குள் யாருக்கோ சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்த வண்டி இதுக்கு மேல நகராது" என்றேன்.

பெரிய சச்சரவாகிவிட்டது. குண்டடத்தில் சமைக்காவிட்டால் மதியம் இத்தனை பேருக்கும் சாப்பாடு எப்படி என்றார்கள். பூசை போட்ட வண்டி பாதி வழியில் நின்றால் நல்லதில்லை என்றார்கள். "நானே மெதுவா ஓட்டிட்டுப் போயிர்றேனுங்க, சாவியைக் குடுங்க" என்று டிரைவரே கை நீட்டினார். வேண்டுதலையும் விட்டுவிட்டு வண்டி ஓட்டத் தயாராக இருந்தார்! "நீங்க ஓட்டினா நிக்குமுங்க சாமி. உங்களுக்குப் பழக்கம்" என்றேன். "அதுதான் வம்பு. நீங்க ஓட்டினா கோளாறு யாருக்கும் தெரியறதில்லை." நான் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. பின்னாலேயே திருநெல்வேலிக்காரர் வந்து, "அண்ணே, அய்யா சொல்லுதது சரிதான். இப்ப அஞ்சு மிதிக்கும் நிக்கலேண்ணே. நீங்கதான் முன்னால இருந்தீய" என்றார். டிரைவர் லாரியைப் பார்த்தார், தான் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதன்பிறகு யாரும் சாவி கேட்கவில்லை. பந்தல்காரர்கள் இடம் கொடுத்தார்கள், அங்கேயே அடுப்பு மூட்டினார்கள்.

போன் போட்டதும் மெக்கானிக் பைக்கில் வந்து சேர்ந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. "ஏர் எடுத்துத்தானுங்க குடுத்தேன்" என்றார். பிரேக் ஆயில் போகும் குழாயில் காற்று தங்கிவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி, ஆயிலோடு காற்றையும் வெளியேற்ற வேண்டும். அதையே மறுபடி செய்தார். திருநெல்வேலிக்காரர் மிதித்தார். குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்கிய ஆயிலில் ஒரு குமிழி கூட இல்லை.

"பாருங்க, சுத்தமா இருக்குது."

"பெடல் இன்னும் அமுங்குதேண்ணே!"

மறுபடி எடுத்தார்கள். மறுபடி சுத்தம். மறுபடி பஞ்சு. மெக்கானிக் ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைக் கழற்றினார். புதுக் காலிப்பரில் தூசுக்கு நடுவே விபூதிப் பட்டையும் சந்தனமும் அப்படியே காய்ந்திருந்தன. குந்தி உட்கார்ந்து பார்த்தவர், காற்றை வெளியேற்றும் அந்தத் திருகின்மேல் விரலை வைத்தார். அது காலிப்பரின் அடிப்பக்கத்தில் இருந்தது.

"மேல இருக்கோணுமுங்க இது" என்றார், சத்தமே வராமல். "ரெண்டும் பக்கம் மாறிப் போச்சு. காத்து மேல போய் உக்காந்துக்கிச்சு. கீழ தொறந்தா ஆயில்தான வரும்?"

எப்படி மாறியது என்று நான் கேட்கவில்லை. அவர் கட்டை விரலால் சந்தனத்தைச் சுரண்டினார். அடியில் சாக்பீஸில் எழுதிய ஆங்கில எழுத்து ஒன்றின் மிச்சம் தெரிந்தது. எந்தப் பக்கத்துக்கு எது என்று கடையில் எழுதிக் கொடுத்தது. துடைத்த துணியிலும் குழைத்த விபூதியிலும் அது போயிருந்தது. மெக்கானிக் நிமிர்ந்தபோது டிரைவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"அவசரத்துல நாந்தானுங்க மாத்திப் போட்டுட்டேன்" என்றார் மெக்கானிக். "கூட்டம் சாஸ்தி. பார்க்காம உட்டுட்டேன்."

டிரைவர் அந்தச் சந்தனத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய், அடுப்புக்கு விறகு எடுத்துக் கொடுத்தார்.

இரண்டையும் கழற்றிப் பக்கம் மாற்றிப் போட்டு, திருகு மேலே இருக்க மறுபடி ஏர் எடுத்தபோது, பாட்டிலில் குமிழிகள் புறப்பட்டு வந்தன. அவ்வளவு காற்று எங்கே இருந்ததென்று ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் என்னையும் ஏறி மிதித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரே மிதி. பெடல் கல் மாதிரி நின்றது. எண்ண ஒன்றும் இல்லை. நான் சாவியை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அன்று மதியம் குண்டடத்துக்குப் பதிலாக ரோட்டோரத்தில் சாப்பிட்டார்கள். நேரம் தவறியது. ஆனால் பழனிக்குப் போகும்போது எத்தனை தலை எண்ணினேனோ, திரும்பும்போதும் அத்தனை இருந்தன.

டிரைவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. ஆனால் இப்போது லாரிக்கு எந்தப் பாகம் புதிதாக வந்தாலும், மெக்கானிக் மாட்டி முடித்து, ஓட்டிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் விபூதித் தட்டை எடுக்கிறார். சாமி கும்பிடுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டார்.

நான் இப்போதும் எண்ணுகிறேன், இப்போதும் சிரிக்கிறார்கள். எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெடல் அமுங்குவது கிளம்பும் முன்பே எங்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மிதி மிதித்தால் பிடிக்கும் என்று ஒருவர் பழகிக்கொண்டார், அதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தார், பக்கத்தில் உட்கார்ந்து நான் எண்ணிக்கொண்டு வந்தேன். மூவரும் கெட்டிக்காரர்கள்தான். வீட்டிலோ கம்பெனியிலோ யாராவது எதைப் பற்றியாவது "கொஞ்சம் சமாளிச்சா ஓடிரும்" என்று சொல்லும்போதெல்லாம், லாரிக்கு முன்னால் காபி டம்ளரோடு நின்ற அந்த முதுகும், நடுவில் மிச்சமிருந்த இரண்டடி ரோடும்தான் என் கண்ணுக்குத் தெரிகின்றன.