கப்ஜா வீடு

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் நாங்கள் இருக்கும் வீடு பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் நிலத்து மூலையில் இருக்கிறது. திருட்டுத்தனமாக வந்து கட்டவில்லை. அவர்தான் கூப்பிட்டார். அப்போது அந்தப் பக்கம் மனிதர் குறைவு, மான் அதிகம். நட்ட நாற்றை மொத்தமாக மேய்ந்துவிட்டுப் போகும்.

"தங்கச்சி, மூலையில ஒரு வீட்டப் போட்டு இருங்க. நம்ம ஊர்க்காரங்க பக்கத்துல இருந்தா எனக்கும் தைரியம்" என்றார்.

தகரம் தட்டி மான் விரட்டியே என் கை காய்த்துப்போனது. பத்திரம் கேட்கத் தோன்றவில்லை. காகிதம் இல்லாமல் பிடித்து உட்கார்ந்த இடத்தை இங்கே இந்தியில் கப்ஜா என்பார்கள். எங்களுக்குள் அது வசவு இல்லை. அண்ணாச்சியின் மனைவியே, "கப்ஜாவுல இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று தோட்டத்திலிருந்து கத்துவாள்.

பிறகு ரிசார்ட்டுகள் வந்தன. அண்ணாச்சி நடவை விட்டார். தரிசாகக் கிடந்தே நிலம் விலை ஏறியது. உழைக்காமல் ஏறும் விலை மனுஷனை என்ன செய்யும் என்று பக்கத்திலிருந்து பார்த்தேன்.

போன மாதம் மெயின்லேண்டிலிருந்து ஒருவர் நிலம் வாங்க வந்தார். இங்கே பட்வாரி என்று சொல்லும் கிராம அதிகாரி அளக்க, டேப்பின் ஒரு முனையை அண்ணாச்சி பிடித்திருந்தார். வந்தவர் என் வீட்டைக் காட்டி யாருடையது என்று கேட்டார்.

"கப்ஜா ஹை, சாப். ஹட்டா தேங்கே" என்றார் அண்ணாச்சி. அகற்றிவிடுவாராம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன சொன்னீரு? தமிழ்ல சொல்லும்" என்றேன்.

"அப்புறம் பேசலாம் தங்கச்சி."

"இப்பவே சொல்லும். நான் திருடி ஒக்காந்திருக்கேன்னு தமிழ்ல சொல்லும், கேப்போம்."

"உங்க மதினி தெனம் சொல்லுத வார்த்தைதானே?"

"மதினி சிரிச்சிட்டுச் சொன்னா. நீரு டேப்பப் பிடிச்சிட்டுச் சொல்லுதீரு!"

காலி செய்தபின் கூப்பிடுங்கள் என்று வாங்க வந்தவர் கிளம்பிவிட்டார். மறுநாளே கிணற்றுக்குப் போகும் பாதையை அண்ணாச்சி முள்கம்பி போட்டு அடைத்தார். இப்போது ரோட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சுமக்கிறேன். நாங்கள் போகிறவரை அவரால் விற்க முடியாது. அதுவரை அவர் சும்மா இருக்கப்போவதில்லை.

படகில் வேலை செய்யும் என் புருஷன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம நெலமா இருந்தா நாமளும் இதத்தான் சொல்லியிருப்போம்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொய் என்று சொல்ல முடியாததால் இன்னும் எரிந்தது.

"சொல்லியிருப்போமோ என்னவோ. இப்ப நான் போகமாட்டேன்" என்றேன். முள்கம்பிக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று கத்தித்தான் சொன்னேன்.