லேமினேஷன் போட்ட மருந்துச் சீட்டு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மாணிக்கம் அண்ணனின் மருந்துச் சீட்டு மடித்து மடித்துக் கிழிந்தபோது, "லேமினேஷன் போட்டுக்குங்கண்ணே, காலத்துக்கும் வரும்" என்று யோசனை சொன்ன மேதை நான்தான். வந்தது. பன்னிரண்டு வருடம்.

திருமுல்லைவாயிலில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருந்தேன். அண்ணன் ஆவடி ஃபேக்டரியில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சரோஜாம்மாவுக்குச் சர்க்கரையால் பாத எரிச்சல். அதற்கு காபாபென்டின் முந்நூறு மில்லிகிராம் மாத்திரை, மூன்று வேளை. மாதம் பிறந்தால் சீட்டை டக்கென்று வைப்பார், எடுத்துக் கொடுப்பேன். அம்மாவின் முட்டிவலிக்குப் பெயின்கில்லரும் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். அவ்வளவு தாராளம்.

ஒரு நாள் சீட்டை வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"சரோஜாக்கு புத்தி பெசகிட்சுப்பா. எந்நேரமும் தூக்கம். எய்ந்தா தள்ளாடுறா. நேத்து என்னியே யாருன்றா. பையன் அவள சேக்க குமணன்சாவடியாண்ட முதியோர் ஹோம் பாத்துகினு கீறான்."

"டாக்டர் இன்னாண்ணே சொன்னாரு?"

"எழுபத்தெட்டாச்சு, அப்டித்தான் இருக்கும்னாரு. கிட்னி டெஸ்ட்டு நார்மலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதற்கெடுத்தாலும் வயசு. நாற்பது வயதுக்காரி தள்ளாடினால் ஸ்கேன், எழுபத்தெட்டுக்காரி தள்ளாடினால் ஹோமா?

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். கிரியேட்டினின் 1.1. தசையிலிருந்து வரும் கழிவு அது, கிட்னிதான் வெளியேற்ற வேண்டும். தசை கரைந்த உடம்பில் கிரியேட்டினின் குறைவாகத்தான் உண்டாகும். கிட்னி பாதிக்கு மேல் படுத்துவிட்டாலும் அந்த எண் நல்ல பிள்ளையாக நிற்கும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். எடை கேட்டேன். முப்பத்தெட்டு கிலோ. பில்லின் பின்புறம் போட்டுப் பார்த்தேன்: கிட்னியின் திறன் இருபத்தைந்து. தொண்ணூறுக்கு மேல் இருந்தால்தான் நார்மல். காபாபென்டின் வெளியேறுவதற்குக் கிட்னியை விட்டால் வேறு வழியில்லை; உடம்பில் தேங்கினால் தூக்கம், தள்ளாட்டம், குழப்பம். அறுபத்தாறு வயதுக்கு எழுதிய அளவை எழுபத்தெட்டு வயதுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தோம். எழுதினவர் திருத்தவில்லை. நானோ, திருத்தவே முடியாதபடி பிளாஸ்டிக் உறை போட வைத்திருக்கிறேன்.

"நீங்களா நிறுத்தாதீங்க, ஒரேடியா நிறுத்துனா ஆபத்து" என்று அண்ணனையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"மெடிக்கல் ஷாப்காரர் எனக்கு டோஸ் சொல்றீங்களா?"

"ஆமா சார். பன்னெண்டு வருஷம் சொல்லாம இருந்துட்டேன்."

முறைத்தார். அப்புறம் அவரே கணக்குப் போட்டார். முகம் மாறியது. கிட்னியைக் கெடுக்கும் பெயின்கில்லரை நிறுத்தினார், காபாபென்டினைப் படிப்படியாகக் குறைத்தார். ஒரு மாதத்தில் அம்மா தெளிந்தார், ஹோம் பேச்சு நின்றது.

இப்போது கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வயதானவரின் பழைய சீட்டு வந்தால், ஷெல்ஃபுக்குக் கை போகுமுன் வயதையும் எடையையும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

சரோஜாம்மா தன் காலால் நடந்தே கடைக்கு வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அந்த மருந்துதான்னு கண்டுபிடிச்சதே நான்தாம்மா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குட்த்ததும் நீதான நைனா."