தாழக் கட்டிய பரண்

கிரிஜாவின் கைகள் லோமானின் இடது காலில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்தன. கால்விரல்களின் அடியில் தொடங்கி, குதிகாலை ஒருமுறை வளைத்து, முழங்காலுக்குக் கீழே வரை. அடியில் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகக் குறைய வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் புண் ஆறாது, கால்தான் வீங்கும். கணுக்காலின் உள்பக்கம் இருந்த புண் குளிர்காலத்தில் உள்ளங்கை அகலம் இருந்தது. இப்போது ஒரு நாணயம் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

“அஞ்சு மீட்டர்,” என்றார் லோமான். “காட்டுல பழைய வேட்டைப் பரண் அஞ்சு மீட்டர் உயரம். புதுசும் அஞ்சு மீட்டர்தான்.”

“காலை ஆட்டாதீங்க.”

“நான் பரணைப் பத்திப் பேசறேன், ஷ்வெஸ்டர்.”

“நானும் அதைப் பத்தித்தான் பேசறேன். இந்தக் கால்தானே ஏறப்போகுது?”

ஷ்வெஸ்டர் என்றுதான் அந்த ஊரில் நர்ஸைக் கூப்பிடுவார்கள். கிரிஜா வேலூரில் நர்சிங் படித்தவள். கணவன் உமாபதிக்கு ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் காட்டு ஆராய்ச்சி வேலை கிடைத்தபோது அவனோடு வந்தாள். அவன் ஆராய்ச்சி செய்யும் காடு சோலிங் மலையில் இருந்ததால், அதன் ஓரத்துக் கிராமத்தில் வீடு எடுத்தார்கள். வந்த அடுத்த வருஷமே தேவாலயத்தார் நடத்திய நோயாளி சேவையில் சேர்ந்தாள். சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் புண் கட்டுவது, ஊசி போடுவது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் குளிப்பாட்டுவது அவள் வேலை. 1973 வசந்தத்தில் அவள் போகும் வீடுகளில் மிகவும் தொல்லை பிடித்த வீடு லோமானுடையது.

ஹைன்ரிஷ் லோமானுக்கு அறுபத்து நாலு வயது. உருளைக்கிழங்கு போடுவார், பன்றி வளர்ப்பார். ஊருக்கு மேலே இருந்த காட்டுத்துண்டில் வேட்டையாடும் குத்தகை அவருடையது. அங்கே நாய் உயரத்தில் சின்ன ஜாதி மான் உண்டு. மே மாதத்தின் நடுவில் அதன் கடா வேட்டை தொடங்கும். போன நவம்பரில் அடித்த புயல் காட்டில் பாதியைச் சாய்த்துவிட்டது. அதோடு லோமானின் பரணும் விழுந்தது. மரங்கள் விழுந்த இடத்தில் நட்ட மரக்கன்றுகளை மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. சுட்டே ஆகவேண்டிய வருஷம் அது.

லோமானுக்குக் கால் புண் மட்டுமல்ல. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். டாக்டர் ஏணியே கூடாது என்று சொல்லிவிட்டு, மீதியை ஷ்வெஸ்டர் பார்த்துக்கொள்வாள் என்று போய்விட்டார்.

அன்று கையைக் கழுவ கிரிஜா சமையலறைக்குப் போனபோது லோமானின் மனைவி எல்ஃப்ரீடா கதவைச் சாத்தினாள்.

“ருஷ்யாக்காரனோட யுத்தக் கைதி முகாமிலிருந்து நாற்பத்தொன்பதுல திரும்பி வந்தார். வீட்டுக்கு வந்தார்னா நினைக்கிறே? நேரா பரண் இருந்த அந்த மரத்துக்குத்தான் போனார். அப்ப கையில துப்பாக்கி கூடக் கிடையாது. சும்மா மேலே ஏறி உட்கார்ந்திருப்பார். இறங்கி வந்தா ரெண்டு வார்த்தை பேசுவார். அந்த ரெண்டு வார்த்தையை வச்சுத்தான் நான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன்.” துவாலையை நீட்டினாள். “ஏறினா விழுந்து சாவார். ஏறலேன்னா அந்த நாற்காலியிலேயே செத்துப்போவார். நீ ஒரு உயரம் சொல்லு. உன் பேச்சைத்தான் கேட்பார்.”

“என் பேச்சையா? கட்டை அவிழ்க்காதீங்கன்னு சொன்னா அவிழ்த்துட்டுச் சொறியறார்.”

“என் பேச்சைக் கேட்டா சொறிஞ்சுட்டுச் சிரிப்பார். உன்கிட்ட சிரிக்கிறதில்லை.”

கிரிஜா யோசித்தாள். நோயாளியைத் தூக்கிப் பழகியவளுக்கு உயரம் என்றால் ஒரே கணக்குத்தான். தன் தோளுக்கு மேலே போகக் கூடாது. தோளுக்குக் கீழே இருக்கிற உடம்பை ஒற்றை ஆளாக இறக்கலாம். அதிலிருந்து விழுந்தாலும் இடுப்பு போகலாம், கை போகலாம், கழுத்து முறியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பார்ப்பது போலத்தான் அவள் அந்தப் பரணையும் பார்த்தாள். லோமானிடம் வந்து, “பலகை என் தோள் உயரம். அதுக்கு மேலே ஒரு விரல் போனாலும் நான் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்,” என்றாள்.

“தோள் உயரமா? அது கோழிக்கூடு. மான் என் வாசனையைப் பிடிச்சுடும். மேலே இருந்தா காத்து அதைத் தூக்கிட்டுப் போகும். மான் நிமிர்ந்தும் பார்க்காது.”

“குளிச்சுட்டுப் போங்க.”

லோமான் ஜன்னல் வழியாக மேலே காட்டைப் பார்த்தார். பிறகு, “தோள்னா உன் தோளா, என் தோளா?” என்று கேட்டார். அதற்குச் சம்மதம் என்று பொருள்.

வீட்டில் சாப்பிடும்போது உமாபதியிடம் சொன்னாள். மான்கள் கன்றுகளை எவ்வளவு மேய்கின்றன என்பதுதான் அவன் ஆராய்ச்சி. அதற்காக வேட்டைப் பரீட்சை எழுதித் தேறியிருந்தான். ஆனால் கறி தொடமாட்டான், ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை. புல் தின்கிறவன் புல் தின்கிறதைக் கணக்கெடுக்கிறான் என்று லோமான் அவனைக் கிண்டல் செய்வார்.

“தோள் உயரம் கம்மி இல்லையா?” என்றான் உமாபதி. “குண்டு மானைத் தாண்டினா மண்ணுல இறங்கணும், அதுக்கு ஒரு ஆங்கிள் வேணும்னு எக்ஸாமுக்குப் படிச்சேனே.”

“அவருக்குத் தெரியாததா? இருபது வருஷமா சுடறவர். நீங்க புஸ்தகத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க. ரசம் ஊத்தட்டுமா?”

அவனும் விட்டுவிட்டான். அடுத்த சனிக்கிழமை, பழைய பரண் விழுந்த இடத்திலேயே, அவனே கம்பு வெட்டி, ஆணி அடித்துக் கொடுத்தான். கிரிஜா பக்கத்தில் நின்று தன் தோளை வைத்துப் பார்த்துப் பலகையைப் பொருத்தச் சொன்னாள்.

மே மாதம் வேட்டை தொடங்கியது. முதல் சில சாயங்காலங்களில் லோமான் ஏறினார், உட்கார்ந்தார், ஒன்றையும் பார்க்காமல் இறங்கினார். இறங்கி வந்து ரெண்டு வார்த்தை பேசினார். எல்ஃப்ரீடா கிரிஜாவுக்கு ஆப்பிள் கேக் செய்து கொடுத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் எல்ஃப்ரீடாவுக்குக் காய்ச்சல். லோமானைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கிரிஜா கூடப் போனாள். பரணுக்குப் பின்னால், காற்று மான் பக்கம் போகாத இடமாகப் பார்த்து ஒரு அடிமரக்கட்டையில் லோமான் அவளை உட்காரச் சொன்னார். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. கடா ஒன்று கன்றுகளுக்கு நடுவே வந்து நின்றது. துப்பாக்கி வெடித்தது. மான் துள்ளி, வளைந்து, காட்டுக்குள் ஓடிவிட்டது. அதன் மேல் குண்டு பட்ட மாதிரி தெரியவில்லை.

அப்போது மான் நின்ற இடத்துக்கு அப்பால் சைக்கிள் மணி அடித்தது.

முன்பெல்லாம் அங்கே ஊசியிலை மரங்கள் சுவர் போல நின்றன. அவற்றுக்குப் பின்னால் பக்கத்து ஊருக்குப் போகும் ஒரு பாதை இருந்தது; பரணில் உட்கார்ந்தவருக்கு அது என்றுமே கண்ணில் பட்டதில்லை. புயல் அந்தச் சுவரை எடுத்துவிட்டது. பாதையில் ரொட்டிக்கடை ஹன்னா சிவப்புத் தலைக்குட்டையோடு போய்க்கொண்டிருந்தாள். கூடையில் அம்மாவுக்கு ரொட்டி. பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைச் சுற்றி வளைத்து ஓட்டிக்கொண்டு, தன் பாட்டுக்கு மணியை அடித்தபடி மறைந்தாள்.

லோமான் பரணில் அசையாமல் இருந்தார். கிரிஜா கன்றுகளுக்கு நடுவே நடந்து பாதைக்குப் போனாள். ஓரத்தில் ஒரு பூர்ச்ச மரம். அதன் வெள்ளைப் பட்டை, சைக்கிள் கைப்பிடியின் உயரத்தில், புதிதாகப் பிய்ந்திருந்தது. அவள் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் முழுதும் உள்ளே போனது. அங்கே நின்று திரும்பிப் பரணைப் பார்த்தாள். பரணுக்கும் பூர்ச்ச மரத்துக்கும் நடுவே தரை தட்டையாக இருந்தது. குண்டு இறங்க ஒரு மேடு கூட இல்லை.

திரும்பி வந்தபோது லோமான் துப்பாக்கியைத் திறந்து குண்டுகளை எடுத்துவிட்டிருந்தார்.

“பட்டுச்சா?”

“மரத்துல.”

“நான் அவ தலைக்குட்டையைப் பார்க்கவே இல்லை. சுட்ட பிறகுதான் சிவப்பா ஏதோ தெரிஞ்சது.” பரண் பலகையைத் தட்டி, “அஞ்சு மீட்டர்ல இருந்திருந்தா இந்தக் குண்டு மண்ணுக்குள்ள போயிருக்கும், ஷ்வெஸ்டர்,” என்றார்.

“ஆமா. உங்களையும் அங்கேதான் புதைச்சிருப்போம்.”

“உன் தோள் உயரம்!”

“என் தோள் உயரம்தான். ஆனா துப்பாக்கி உங்க கையில. இருபது வருஷமா சுடறவர், பின்னாலே என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்க்கலையே?”

“இருபது வருஷமா பின்னாலே மரம் இருந்தது. பார்க்க வேண்டிய அவசியமே வரல.”

இருவரும் சொன்னது உண்மை. அதனால் அதற்கு மேல் சண்டை போடவும் முடியவில்லை. கிரிஜா தோளைக் கொடுத்து அவரை இறக்கினாள். கீழே வந்ததும் அவர் அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஹன்னாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். நான் அஞ்சு மீட்டர்ல ஒண்ணு கட்டிக்கறேன். ஏணிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சுக்கறேன். தெரிஞ்சா என் லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. அதுக்கப்புறம் நான் எங்கே போறது?”

“போன வாரம் கட்டிலிலிருந்து எழுந்து கட்டிலிலேயே விழுந்தீங்க. எல்ஃப்ரீடா சொன்னா. கைப்பிடி என்ன பண்ணும்?”

“அப்போ நீ என்ன சொல்றே?”

“நான் ஒரு தடவை உயரம் சொல்லியாச்சு. அது போதும். இனிமே நான் சொல்லமாட்டேன். ஹன்னாகிட்ட யாராவது போய்ச் சொல்லணும். நீங்க போனா நான் கூட வரேன். நீங்க போகலேன்னா நான் மட்டும் போவேன்.”

லோமான் வீடு வரும்வரை தடியால் தரையைக் குத்திக்கொண்டே நடந்தார்.

அன்று இரவு வீட்டில் கிரிஜா நடந்ததைச் சொன்னாள். உமாபதி எல்லாவற்றையும் கேட்டான். “நான் அன்னிக்கே சொன்னேன்,” என்று அவன் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“நீங்க சொன்னீங்க. நான்தான் ரசம் ஊத்தினேன்,” என்றாள் அவளே.

“நானும்தானே குடிச்சேன்,” என்றான் உமாபதி. “ஆணி அடிச்சதும் நான்தான்.”

மறுநாள் காலை அவள் சைக்கிளை எடுக்கும்போது லோமான் தேவாலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நின்றார். வாரநாள் அது. கிரிஜா சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுக் கூட நடந்தாள்.

ரொட்டிக்கடையில் வேறு யாரும் இல்லை. லோமான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். எந்த இடம், எந்த மரம், எவ்வளவு உயரம். ஹன்னா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“கூடை மேலே போட்டிருந்த துணி பறந்துச்சு,” என்றாள். “காத்துன்னு நினைச்சேன்.”

“அந்த உயரம் நான் சொன்னது,” என்றாள் கிரிஜா.

ஹன்னா அவளைப் பார்க்கவே இல்லை. “ஹைன்ரிஷ், இனிமே உங்க கையில துப்பாக்கியைப் பார்த்தேன்னா நேரா போலீஸுக்குத்தான் போவேன். அதை மனசுல வச்சுக்கோங்க.”

“பார்க்க மாட்டே.”

ரொட்டி வாங்கத்தான் எப்போதும் அங்கே போவார். அன்று வாங்காமல் வெளியே வந்தார். தொப்பியைப் போட மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் காட்டுக்கு நடந்தார். வழியில் உமாபதியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தாழ்ந்த பரணின் நான்கு கால்களையும் உமாபதி ரம்பத்தால் அறுத்தான். லோமான் ஆணிகளைப் பிடுங்கிப் பலகைகளை அடுக்கினார். பிறகு, பாதைக்கு முதுகைக் காட்டி நின்று, புதுப் பரணுக்காக மேடு ஏறும் பக்கமாக உயரமான ஒரு காட்டுப் பீச் மரத்தைத் தடியால் காட்டினார். அங்கிருந்து கீழே சுட்டால் குண்டுக்கு மண்ணைத் தவிரப் போக்கிடம் இல்லை.

“ஏறு, ஹெர் டாக்டர்,” என்றார் உமாபதியிடம், டாக்டர் ஐயா என்ற அர்த்தத்தில்.

“நான் மானை எண்ணத்தான் ஏறுவேன். சுடறதுக்கு வேற ஆளைப் பிடிங்க.”

“யார் சுடறதுன்னு அப்புறம் பார்ப்போம். முதல்ல ஏறு.”

உமாபதி கொண்டுவந்த ஏணியைச் சாத்தி ஏறினான். லோமான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அண்ணாந்ததும் தள்ளாடினார். கிரிஜா முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள்.

“இங்கேயா?” என்று மேலிருந்து கேட்டான் உமாபதி.

“இன்னும் மேலே,” என்றார் லோமான்.

உமாபதி இன்னும் சில படி ஏறிப் பரண் வரவேண்டிய உயரத்தில் கத்தியால் மரத்தில் ஒரு கோடு கிழித்தான்.